ஏரியலில் பல் தடம்

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் நம் தையல் லைனில் நடந்த பேச்சு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பிள்ளைகளிடமிருந்து பிடுங்கின போனை யார் யார் எங்கே வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருத்தி அரிசி டிரம்முக்குள் புதைத்திருக்கிறாள். ஒருத்தி தினமும் கையோடு கொண்டுவந்து கம்பெனி கேட்டில் ஒப்படைக்கிறாள். அவள் போனுக்கு ஒரு டோக்கன், பையன் போனுக்கு ஒரு டோக்கன். செக்கிங்கில் இருக்கிற அக்கா, "சார்ஜர மட்டும் எடுத்து வெச்சிக்கோங்கடி, ரெண்டு நாள்ல அதுவா செத்துப்பூடும்" என்று சொன்னது. எல்லாரும் சிரித்தோம்.

என்னையும் கேட்டீர்கள். ட்ரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். மணி அடித்துவிட்டது. ஷூ மேல்தோலைத் தைக்க உட்கார்ந்துவிட்டோம்.

மீதி ஒன்று இருக்கிறது. அரை மணி நேரத்தில் அடங்காது. எனக்குப் பேசவும் வராது என்று உங்களுக்குத் தெரியும். எட்டாவதோடு நின்றவள். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று எழுதுகிறேன்.

என் மகள் பதினொன்றாவது படிக்கிறாள். எந்நேரமும் போன். மார்க் இறங்கிவிட்டது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். ஒரு மாசம் கிடையாது என்றேன். அழுதாள். விட்டுவிட்டேன்.

அப்பா செத்த பிறகு அவருடைய ட்ரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. மேலே அம்மாவுடைய புடவைகள். அவற்றைக் கலைக்க மனசு வராமல் அடிவரைக்கும் நான் போனதே இல்லை. அன்றைக்குப் போனை ஆழத்தில் செருக வேண்டும் என்று கையை விட்டேன். விரலில் தோல் தட்டுப்பட்டது. தோலை நமக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும். வெளியே எடுத்தேன். பூஞ்சை பிடித்த ஒரு தோல் உறை. உள்ளே ரேடியோ. அண்ணனுடைய ரேடியோ.

அதே பெட்டி. அதே ஒரு மாசம்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு அப்போது பத்து வயசு. அண்ணன் ஒன்பதாவது. எங்கள் வீடு ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், ஒரே அறை, முன்னால் இரும்புக் கம்பம் நட்டுத் தகரம் போட்ட சாய்ப்பு. அப்பா தோல் பதனிடுகிற டேனரியில் டிரம் ஆள். அந்த மர டிரம்மை நம்மில் பாதிப் பேர் பார்த்திருக்கிறோம். இரண்டு ஆள் உயரம். உள்ளே தோலும் தண்ணீரும் மருந்தும் போட்டுவிட்டால் நாள் முழுக்க உருளும். உள்ளே தோல் விழுந்து விழுந்து அடிக்கும். அதன் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவர். காது பாதி போய்விட்டது.

அதனால் அவர் பேசினால் கத்தல். அவருக்குக் கேட்க வேண்டும் என்று அம்மாவும் கத்தும். அந்த வீட்டில் பிறந்த நாங்களும் கத்தித்தான் பேசினோம். தண்ணி குடு என்பதே சண்டை மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டு பாய் தலையை நீட்டிக் கேட்பார்.

"இன்னாப்பா, சண்டையா சாப்பாடா? ரெண்டுக்கும் ஒரே சத்தமா கீது."

"சாப்பாடுதான் பாய், வாங்க" என்று அப்பா கத்துவார். லைனுக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும்.

அந்த வருஷம் மழை ஜாஸ்தி. தோல் காயவில்லை. டேனரி முழுக்க ஈரத்தோல் தொங்கியது. அப்பா வீட்டுக்கு வந்தால் அவருக்கு முன்னால் வாடை வரும். சுண்ணாம்பில் ஊறி அவர் பாதம் வெள்ளையாக வெடித்திருக்கும். பாலாற்றில் மணல் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் நின்றது. டேனரித் தண்ணியும் அதில்தான் போய்ச் சேரும். தெருப் பசங்க எல்லாம் அதில் குதித்தார்கள். அண்ணனும் குதித்தான். அவனுக்கு இரண்டு காதிலும் சீழ் வைத்தது. தலையணையில் மஞ்சளாக ஒட்டியிருக்கும். அம்மா பூண்டு போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றியது. பஞ்சு அடைத்தது. ஒரு மாசம் கழித்து சீழ் நின்றது. சரியாகிவிட்டது என்று பஞ்சை எடுத்துப் போட்டோம்.

ரேடியோ வந்தது அப்புறம். துபாயில் டிரைவராக இருந்த மாமா லீவில் வந்தபோது அண்ணனுக்கென்று கொண்டுவந்தார். கறுப்பு. அரைச் செங்கல் அளவு. ஏரியலை இழுத்தால் ஏழு துண்டாக நீளும். திருகு ஒன்று சத்தத்துக்கு, ஒன்று ஸ்டேஷனுக்கு. தெருவில் எந்தப் பையனிடமும் அப்படி ஒரு சாமான் இல்லை.

அண்ணன் அதைக் கேட்கும் விதமே தனி. முதலில் சத்தத்தை முழுக்க ஏற்றுவான். அப்பாவுக்கே அது கேட்டுவிடும். திட்டுவார். குறைத்துக்கொள்வான். பிறகு சாய்ப்பில் உட்கார்ந்து ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு, ஏரியலை இழுத்து அதன் நுனியைப் பல்லால் கடித்துக்கொள்வான். கண்ணை மூடிக்கொள்வான். மணிக்கணக்காக அப்படியே இருப்பான். எச்சில் கம்பியில் இறங்கும். நான் ஒருநாள் அவன் இல்லாதபோது கடித்துப் பார்த்தேன். இரும்பு ருசி. துப்பிவிட்டேன். விளையாட்டு என்று நினைத்தேன்.

கிரிக்கெட் நடந்தால் அவன்தான் தெருவுக்கு ஸ்கோர் சொல்வான். வாயில் கம்பியோடு விரலைக் காட்டுவான். ஒரு விரல் என்றால் ஒரு விக்கெட். பசங்க சுற்றி நிற்பார்கள்.

ஆனால் பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பக்கத்தில் போய்க் கத்தினால் திரும்புவான். அம்மா கடைக்குப் போகச் சொன்னால் ஒன்று கேட்டது இன்னொன்று வாங்கி வருவான். அப்பா பெல்ட்டை எடுத்துக்கொண்டு கேட்ட கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"ஸ்கோர் மட்டும் ஒயிங்கா கேக்குது. நான் கூப்ட்டா கேக்காதா?"

  அவன் அடியை வாங்கிக்கொண்டான்.

அவன் பள்ளிக்கூடத்தில் அந்த வருஷம் புதிதாக ஒரு வாத்தியார் வந்திருந்தார். அடிக்காத வாத்தியார். குரலே எழுப்ப மாட்டார். அவர் அப்பாவை வரச்சொல்லி அனுப்பினார். அப்பாவுக்குத் துணையாக என்னைக் கூட்டிப்போனது அம்மாதான். நாங்கள் மூன்று பேரும் அவர் மேஜைக்கு முன்னால் நின்றோம். அம்மா முக்காடு போட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டது. அவர் எங்களை உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

வாத்தியார் சொன்னது இவ்வளவு. போர்டில் எழுதிப்போட்டால் அண்ணன் அழகாக எழுதுகிறான். வாயால் சொல்லி எழுதச் சொன்னால் பூஜ்யம். அட்டெண்டன்ஸில் பேர் கூப்பிட்டால் பக்கத்துப் பையன் முழங்கையால் இடிக்க வேண்டியிருக்கிறது. ரேடியோவைப் பையில் வைத்துக்கொண்டு வந்து கடைசி பெஞ்சில் கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தான். புத்தி எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஒரு மாசம் அதை எடுத்து வையுங்கள். அடிக்காதீர்கள். கத்தாதீர்கள். கத்திக் கத்தி அவனுக்கு மரத்துப்போயிருக்கும். மெதுவாகப் பேசிப் பாருங்கள், தானாகக் கவனிப்பான்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன். நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கு டாக்டரும் டிவியும் சொல்வதும் அதேதான்.

அவர் அவ்வளவு மெதுவாகச் சொன்னதால் அப்பாவுக்குப் பாதி விளங்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வெளியே வந்ததும் என்னிடம் குனிந்தார். "வாத்தியார் இன்னா சொன்னாரு?" நான்தான் திருப்பிச் சொன்னேன். பள்ளிக்கூடத்துச் சுவர் ஓரமாக நின்று அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன். "மெதுவா பேசணுமாம்ப்பா. கத்தவே கூடாதாம்." ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

படித்தவர் சொன்னால் அப்பாவுக்கு அதற்குமேல் பேச்சில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ரேடியோவை வாங்கி ட்ரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அம்மா தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டது. சுவரில் இருந்த காலண்டரில் முப்பதாவது நாளைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டார். பெல்ட்டைப் பரண்மேல் எறிந்தார். எங்களைக் கூப்பிட்டு, இனிமேல் இந்த வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது என்று சொன்னார். அதையே கத்தித்தான் சொன்னார். பிறகு தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். அம்மா சிரித்தது.

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அண்ணனுக்குக் காது போயிருந்தது. சீழ் வைத்தபோதே போயிருந்தது. எங்கள் வீட்டில் எல்லாரும் கத்தினதால் அவனுக்கு எங்கள் பேச்சு கேட்டது. கம்பியைக் கடித்தால் பல்லு வழியாக ரேடியோ கேட்டது. வேறு எதுவும் கேட்கவில்லை. உங்களுக்குப் புரிகிறது. எங்களுக்குப் புரியவில்லை. அவனுக்கும் தெரியாது. எல்லாருக்கும் அப்படித்தான் கேட்கும் என்று நினைத்திருப்பான். கேட்கிற இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் நிறுத்தினோம்.

அந்த ஒரு மாசம் எங்கள் வீடு நல்லபடியாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். அப்பா உதட்டை அசைப்பார், காற்று வரும். அம்மா அதேமாதிரி பதில் சொல்லும். அப்பாவுக்கு அது கேட்காது. கேட்டமாதிரி தலையாட்டுவார். சாம்பார் வேண்டுமா என்றாலும் தலையாட்டல், போதுமா என்றாலும் தலையாட்டல். இரண்டு நாளில் பாய் கவலையோடு எட்டிப் பார்த்தார்.

"ஒடம்பு கிடம்பு சரியில்லையா யாருக்காச்சும்?"

அம்மா அடி விழாத வீட்டுக்குப் பழகிக்கொண்டது. சாயங்காலம் தலை வாரிக்கொண்டது. எனக்கும் பயம் போயிருந்தது.

அண்ணன் முதல் இரண்டு நாள் பெட்டிச் சாவியைத் தேடினான். அரிசிப் பானை, அடுப்பு மேடை, பரண். மூன்றாம் நாள் விட்டுவிட்டான். பிறகு எங்கள் வாயையே பார்க்க ஆரம்பித்தான். ஒவ்வொருத்தர் வாயாக மாறி மாறிப் பார்ப்பான். நாங்கள் சிரித்தால் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொள்வான். பத்து நாளில் தட்டை எடுத்துக்கொண்டு வாசப்படிக்குப் போய்விட்டான். சரக்கு ரயில் போகிற நேரத்தில் சாய்ப்புக் கம்பத்தில் தாடையை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்பான். ரயில் போன பிறகும் எடுக்க மாட்டான்.

அப்பா அதைப் பார்த்து அம்மாவிடம் சொன்னார், பையன் அடங்கிட்டான் பாரு என்று.

ஒருநாள் டேனரியிலிருந்து வரும்போது அப்பா ஒரு துண்டுத் தோல் கொண்டுவந்தார். நல்ல ஆட்டுத்தோல், கழிவு இல்லை. பின்பக்கக் கல்லில் உட்கார்ந்து மெழுகு நூலில் தைத்தார். என்ன என்று கேட்டேன். ரேடியோவுக்கு உறை. முப்பதாவது நாள் அதில் போட்டுக் கொடுக்கப் போகிறார். ஏரியல் வெளியே வர ஒரு ஓட்டை போட்டிருந்தார். பொத்தானுக்குத் தன் பழைய சட்டையிலிருந்து ஒன்று. "அண்ணங்கிட்ட சொல்லாத" என்றார், மெதுவாக.

சொல்லவில்லை. அதற்கு மறுநாள் அண்ணன் என்னைப் பின்பக்கம் மறித்தான். எல்லாரும் என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று கேட்டான். எனக்கு உறைதான் ஞாபகம் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஒண்ணுமில்லயே" என்று சொல்லிவிட்டு ஓடினேன். என் வாயை அவன் பார்த்தான். என் சிரிப்பையும் பார்த்தான்.

இருபத்திரண்டாவது நாள். பொழுது சாய்கிற நேரம். அப்பா வேலை முடிந்து வந்து முகம் கழுவித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் வாசப்படியிலிருந்து எழுந்து வந்து அவருக்கு முன்னால் நின்றான். அவன் குரல் சரியில்லை. சத்தம் ஏறி இறங்கியது.

"எங்கூட இனிமே யாரும் பேச மாட்டீங்களா?"

அப்பா துண்டுக்குள்ளிருந்தே சொன்னார். "பேசிக்கினுதானடா கீறேன்."

மெதுவாகத்தான் சொன்னார். எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது. அவர் துண்டை இறக்கியபோது சொல்லி முடித்திருந்தார். அண்ணன் அவர் வாய் மூடியிருப்பதைப் பார்த்தான்.  பிறகு வாசப்படிக்குப் போய்விட்டான்.

காலையில் அவன் இல்லை. பள்ளிக்கூடப் பை ஆணியிலேயே தொங்கியது. இரண்டு சட்டை போயிருந்தது.

அன்றைக்கு அப்பா வேலைக்குப் போகவில்லை. பாலாற்று மணலில் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நடந்தார். ரயில்வே லைனில் இரண்டு பக்கமும் நடந்தார். அவன் பேரைச் சொல்லிக் கத்தினார். நாங்கள் வீட்டில் இருந்தே கேட்டோம். இருபத்திரண்டு நாள் அடக்கி வைத்தது முழுக்க வெளியே வந்தது. மறுநாள் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போனபோது பாய்தான் பக்கத்தில் நின்று பேசினார்.

காலண்டரில் வட்டம் போட்ட நாள் வந்தது. போனது.

இரண்டு மாசம் கழித்துப் பச்சைத்தோல் லாரி ஓட்டுகிறவர் ஒருத்தர் வந்து சொன்னார். ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு டேனரியில் பையனைப் பார்த்ததாக. அங்கேயே தங்கி வேலை செய்கிறானாம். அம்மா உடனே கிளம்பப் பார்த்தது. அப்பா, நான் போய்க் கூட்டியாறேன் என்றார். பெட்டியைத் திறந்து ரேடியோவை எடுத்து உறையில் போட்டார். புதுக் கட்டை வாங்கிப் போட்டார். டார்ச்சுக்குப் போடுகிற கட்டை மாதிரி, சின்னது. மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் போனார்.

மத்தியானமே திரும்பிவிட்டார். தனியாக. பை அப்படியே கையில் இருந்தது.

அம்மா கேட்டது. அவர் பதில் சொன்னார். இரண்டு பேரும் பழையபடி கத்தித்தான் பேசினார்கள். அதனால் எனக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை.

"இருந்தானா?"

"இருந்தான். டிரம்முலேர்ந்து தோல எடுத்து அடுக்கிக்கினு இருந்தான். முதுகு இந்தப் பக்கம்."

"கூப்ட்டியா?"

"கூப்ட்டேன். பத்தடியில நின்னு மூணு வாட்டி கூப்ட்டேன். திரும்பக்கூட இல்ல."

"டிரம் சத்தத்துல உழுந்திருக்காது. சத்தமா கூப்ட வேண்டியதுதான?"

"டிரம் நின்னுதான் கெடந்துச்சு." அவர் பையைக் கீழே வைத்தார். "நாலு பேரு வேல செய்யற எடத்துல கத்துனா புள்ளைக்கு அசிங்கம். மெதுவாத்தான் கூப்ட்டேன். வாத்தியார் சொன்ன மாரி."

அவ்வளவுதான். ரேடியோவைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பிறகு அம்மா மட்டும் இரண்டு மூன்று தரம் போய் அவனைப் பார்த்துவிட்டு வந்தது. அம்மாவிடம் அவன் பேசினான். வரமாட்டேன் என்றான். அப்பா போகவில்லை. திரும்பாத பிள்ளையை என்னத்துக்குக் கூப்பிடுவது என்றார். தான் போய் நின்றதையும் அவனிடம் சொல்லக்கூடாது என்று அம்மாவைத் தடுத்துவிட்டார்.

வருஷங்கள் போயின. அண்ணன் அங்கேயே டிரம் ஆள் ஆனான். கல்யாணம் ஆனது. அவனுக்குச் சுத்தமாகக் காது கேட்காது என்பது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. டிரம் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் காது போகும். அப்பாவுக்குப் போனது, பெரியப்பாவுக்குப் போனது, இவனுக்கும் போய்விட்டது. கொஞ்சம் சீக்கிரமாகப் போய்விட்டது என்று பேசிக்கொண்டோம். வேறு எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் எப்போதிலிருந்து என்று ஒரு கேள்வி கேட்டிருப்பான். நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் பதில் ரெடியாக இருந்தது.

அம்மா செத்தபோது வந்தான். அப்பாவும் அவனும் பந்தலில் ஆளுக்கொரு கம்பத்தில் சாய்ந்து நின்றார்கள். அப்பா செத்தபோது வந்து கொள்ளி வைத்தான். அன்றைக்கே கிளம்பிவிட்டான். தலைக்கனம் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது பெட்டிக்கு வருகிறேன். உறையில் இருந்து ரேடியோவை எடுத்தேன். அப்பா போட்ட கட்டை உள்ளேயே கசிந்து பச்சையாக உறைந்திருந்தது. ஏரியலை இழுத்தேன். ஏழில் ஐந்து துண்டுதான் வந்தது. நுனி உருண்டையில் சொரசொரப்பாக ஏதோ இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தேன். பல் தடம். மேலே இரண்டு, கீழே இரண்டு. விளையாட்டுக்குக் கடிக்கிற பிள்ளை இரும்பில் பள்ளம் விழுகிறமாதிரி கடிக்காது.

அப்போதும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. பஜாரில் பழைய டிவி ரிப்பேர் செய்கிறவரிடம் கொடுத்தேன். சிரித்தார். துருவைச் சுரண்டிப் புதுக் கட்டை போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் பாட்டு, மீதி எண்ணெய்ச் சட்டி சத்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தினேன். மடியில் வைத்துக்கொண்டேன். ஏரியலைக் கடித்தேன். இரும்பு ருசி. பத்து வயசில் இதோடு துப்பிவிட்டேன். இந்தத் தரம் துப்பவில்லை. இரண்டு கையாலும் காதை இறுக்கிப் பொத்திக்கொண்டேன்.

தெருச் சத்தம் போய்விட்டது. ஃபேன் சத்தம் போய்விட்டது. தலைக்குள்ளே ஒரு பொம்பளை பாடினாள்.

பாட்டு முடியும்வரை கேட்டேன். பிறகு கட்டையைக் கழற்றி வைத்தேன். உள்ளேயே விட்டால் திரும்பக் கசியும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மகள் வந்ததும் அவள் போனை எடுத்துத் தரையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். "இதுல நீ இன்னா பண்ற?" என்று கேட்டேன். "ஏம்மா கத்தற?" என்றாள். நான் கத்தியது எனக்குத் தெரியவில்லை. பிறகு போனில் என்ன செய்கிறாள் என்று சொன்னாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. அது அவள் விஷயம், இங்கே எழுத மாட்டேன். போன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கொடுப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. உங்களுக்குப் புத்தி சொல்ல இதை எழுதவில்லை.

போன ஞாயிறு ராணிப்பேட்டைக்குப் போனேன். முன்கூட்டிச் சொல்லவில்லை. அண்ணி கதவைத் திறந்தது. அண்ணன் வேலையை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை. நான் பக்கத்தில் போய், எப்படி இருக்கண்ணா என்று கேட்டேன். அவன் என் வாயைப் பார்த்தான். முகத்தை இறுக்கிக்கொண்டான்.

அண்ணி பின்னாலிருந்து சொன்னது. "நல்லா கத்திப் பேசு. ஒண்ணும் கேக்காது, ஆனா கழுத்து நரம்பு பொடைக்கறத பாக்கும். மெதுவா பேசினா, நம்ம கோவமா கீறோம்னு நெனச்சிக்கும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அப்பிடித்தான்."

அண்ணிக்கு அது வீட்டு விஷயம். உப்பு எங்கே இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டது. 

பிறகு கட்டில் ஓரமாக அவன் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். எங்கள் பழைய வீட்டில் பேசினமாதிரி பேசினேன்.

"அப்பா உன்ன கூப்ட வந்தாரு. நீ போன ரெண்டாவது மாசம்."

வாயைப் படிக்க அவனுக்கு நேரம் ஆனது. இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னேன்.

"அவரு எங்க வந்தாரு? அவருதான் எங்கூட பேச்ச நிறுத்திட்டாரே. எல்லாரும் நிறுத்திட்டீங்க. அதான் போய்ட்டேன்."

"நிறுத்தல. பேசினாரு. மெதுவா பேசினாரு. வாத்தியார் சொன்னாருன்னு. டேனரிக்கும் வந்து உன் முதுகுப் பக்கம் நின்னு மெதுவா கூப்ட்டாரு."

"மெதுவாவா?" என்றான். "அவரா?"

சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. நிஜமாகவே சிரித்தான். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. பிறகு சிரிப்பு நின்றது.

பையிலிருந்து எடுத்து அவன் கையில் கொடுத்தேன். ரேடியோவை அவன் பார்க்கவில்லை. உறையைத்தான் பார்த்தான். கட்டைவிரலால் தோலை அழுத்தினான். திருப்பினான். முப்பது வருஷத்துக்குமேல் தோலைத் தொட்ட கை. தையலை நகத்தால் எண்ணிக்கொண்டே போனான். ஏரியலுக்குப் போட்ட ஓட்டைக்கு வந்ததும் விரல் நின்றது.

"கையில தெச்சது" என்றான். "யாரு?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என் வாயைப் பார்க்கவில்லை. பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுடைய சட்டைப் பொத்தான்.

அண்ணி டீ கொண்டுவந்து வைத்தது. அவன் எடுக்கவில்லை. ரேடியோவை மடியில் வைத்தான். ஓட்டை வழியாக ஏரியலை இழுத்தான். நுனியை மேல்துண்டால் துடைத்தான். பல்லில் வைத்துக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, திருகைத் திருப்பினான்.

உள்ளே கட்டை இல்லை. அதைச் சொல்ல வேண்டுமானால் அவனைத் தட்டிக் கண்ணைத் திறக்கவைத்துக் கத்த வேண்டும்.

நான் கத்தவில்லை. டீ ஆறும்வரை அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான்.